அதே விதை, வேறு ரிப்போர்ட்

அன்புள்ள கண்ணாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். முந்தாநாள் போனில் கொதித்துக்கொண்டிருந்தாய். ஒரே ரகம், அனுப்புகிறவரும் ஒரே ஆள், ஆனால் சோயாவில் புரதமும் எண்ணெயும் எவ்வளவு என்று போன வருஷ ரிப்போர்ட் ஒன்று சொல்கிறது, இந்த வருஷம் வேறொன்று, யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றாய். போனில் விளக்க ஆரம்பித்தால் பாதியில் உன்னை யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் இரண்டு ரிப்போர்ட்டும் விதையில் ஒரே அளவு ஈரம் இருப்பதாக வைத்துக் கணக்கிட்டதா என்று பார்த்துக்கொள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். அதுவும் சரியாக இருந்தால், ஆளுக்கு முன்னால் வெயிலைச் சந்தேகப்படு.

எண்ணெய் ஆலை ஆய்வகத்தில் இருந்தபோது இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு விவசாயி இரண்டு வண்டி சரக்கு கொண்டுவந்தார். ஒரே விதை, அடுத்தடுத்த வயல் என்றார். இரண்டாவது வண்டியில் எண்ணெய் இரண்டு சதவீதம் குறைவு. வேறு சரக்கைக் கலந்துவிட்டீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை. "அதை மூணு வாரம் முந்தி விதைச்சேம்மா, காய் முத்துற நேரத்துல வெயில் பிடிச்சுக்கிச்சு" என்றார். அது எனக்குச் சாக்காகத்தான் கேட்டது. மாதங்கள் கழித்து, பழைய ரிப்போர்ட்டுகளை விதைத்த தேதியோடு சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது.

காய்ந்த சோயாவில் புரதம் ஏறக்குறைய 40 சதவீதம், எண்ணெய் 20 என்று படித்திருப்பாய். அது சராசரி. காய்க்குள் விதை பருக்கும் அந்த ஒரு மாதம்தான் உண்மையான அளவை முடிவு செய்கிறது. வெப்பம் 25, 28 டிகிரிக்குள் இருந்தால் எண்ணெய் நன்றாகச் சேரும். அதைத் தாண்டினால் இறங்கும். எண்ணெய் இறங்கும்போது புரதத்தின் பங்கு பெரும்பாலும் ஏறும். ஆனால் வறண்ட வருஷத்தில் புரதம் கூடியிருக்கிறதே என்று சந்தோஷப்படாதே. விதை சிறுத்து, மற்றவை சேராமல் போனதால் அதன் விகிதம் பெரிதாகத் தெரிகிறது. ஏக்கருக்குக் கிடைத்த மொத்தப் புரதம் குறைந்தே இருக்கும்.

செடியைப் பிடுங்கி ஒரு வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்திருக்கிறாயா? நன்றாக வேலை செய்கிற முடிச்சு உள்ளே ரத்தம் கலந்த மாதிரி இளஞ்சிவப்பாக இருக்கும். அதற்குள் இருக்கும் பாக்டீரியாதான் புரதத்துக்கு வேண்டிய நைட்ரஜனைக் காற்றிலிருந்து பிடித்துக் கொடுக்கிறது. தண்ணீர் குறைந்தால், இலை உணவு தயாரிப்பதை நிறுத்தும் முன்பே முடிச்சு வேலையை நிறுத்திவிடும். அப்புறம் விதை இலையிலிருந்து நைட்ரஜனை உறிஞ்சிக்கொண்டுதான் முற்றும். அதனால் வறட்சி வந்தது என்று மட்டும் சொன்னால் போதாது. எப்போது வந்தது என்பதைப் பொறுத்துப் புரதம் ஏறலாம், இறங்கவும் செய்யலாம்.

எண்ணெயின் அளவு மட்டுமல்ல, குணமும் மாறும். எனக்குப் பிடித்த பகுதி இது. எண்ணெய் என்பது ஒலீக், லினோலீக், லினோலெனிக் போன்ற கொழுப்பு அமிலங்களின் கலவை. ஒலீக்கை லினோலீக்காகவும், அதை லினோலெனிக்காகவும் மாற்றும் நொதிகள் குளிரில் சுறுசுறுப்பு, வெயிலில் சோம்பல். ஆகவே வெயில் வருஷத்து எண்ணெயில் ஒலீக் கூடுதலாகவும் மற்ற இரண்டும் குறைவாகவும் இருக்கும். சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது, ஆனால் லினோலெனிக்தான் ஒமேகா-3 என்பதால் அது குறைந்திருக்கும். சோயாவில் இருக்கும் ஐசோஃப்ளேவோன் என்ற தாவரப் பொருளும் வெயிலில் குறையும்.

இன்னொன்று உன் ரிப்போர்ட்டில் வரவே வராது. 2014-இல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. திறந்த வயலில் கரியமில வாயுவை 550 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 550 பங்கு) அளவுக்கு உயர்த்தி வளர்த்த பயிர்களைப் பற்றியது. கோதுமையில் புரதம் குறைந்தது. சோயா வேர்முடிச்சு உள்ள பயிர், அதனால் புரதத்தில் பெரிய அடியில்லை. ஆனால் துத்தநாகமும் இரும்பும் சோயாவிலும் சில சதவீதம் குறைந்தன. விதை பார்க்க அப்படியேதான் இருக்கும்.

நீ தீவனம் கலக்கிறவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கி வருகிற அந்தப் புரத எண்ணோடு நின்றுவிடாதே. குளிர்ந்த பகுதியில் விளைந்த சோயாவில் மொத்தப் புரதம் குறைவாக இருந்தாலும், அந்தப் புரதத்தில் லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்களின் பங்கு பல நேரம் கூடுதலாக இருக்கும். அமினோ அமிலப் பரிசோதனைக்குச் செலவாகும், தெரியும். கேட்டு வாங்கு.

அனுப்புகிறவரிடம் அடுத்த முறை பேசும்போது விதைத்த தேதியைக் கேள். காய் முற்றிய வாரங்களில் மழை எப்படி இருந்தது என்றும் கேள். குரலை உயர்த்தாமல் கேள்.

அந்த விவசாயி அடுத்த வருஷம் எங்கள் ஆலைப் பக்கமே வரவில்லை.

அன்புடன்,
அம்மா