வசந்திக்கு, ரீச்சரைப் பற்றி

எடி வசந்தி,

நாலு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. கோபித்துக்கொள், ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபி. மகள் கணக்கில் ஏ எடுத்திருக்கிறாளாம். அது உன்னிடமிருந்து வந்த மூளையே இல்லை, எனக்குத் தெரியாதா? அவளுக்கு என் முத்தம். இங்கே பிள்ளைகள் சுகம், கொழும்புக் காலி வீதியில் வழமைபோல் வெக்கையும் ஹோர்னும்.

அம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். போன மாதம் முதியோர் இல்லத்துக்குப் போனபோது பகலிலும் பம்பர்ஸ் கட்டியிருந்தார்கள். "அம்மாவுக்கு இப்ப கட்டுப்பாடு இல்லை" என்றார்கள். நம் வகுப்பில் யார் கையைத் தூக்கினாலும் ஏன் என்று கேட்காமல் வெளியே விடுவாரே, அந்த ரீச்சருக்கு!

அன்று முழுக்கப் பக்கத்திலேயே இருந்தேன். பத்தரை மணியளவில் ஹவுஸ்கோட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு "சலம், சலம்" என்றார். அங்கே வேலை செய்யும் சிங்களப் பிள்ளை ஓடிப்போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்தது. வசந்தி, எனக்கு அழுகை வந்துவிட்டது. நமக்குச் சலம் என்றால் சிறுநீர், சிங்களத்தில் ஜலய என்றால் தண்ணீர். அந்தப் பிள்ளை அன்பாகத்தான் கொடுத்தது. முப்பது வருடம் கொழும்பில் சிங்களம் பேசிய மனுஷிதான் அம்மா, ஆனால் மறதி வந்தால் பிறகு படித்த மொழி பெரும்பாலும் முதலில் கழன்றுவிடுகிறது, சின்ன வயதுச் சொற்கள்தான் மிஞ்சுகின்றன. எத்தனை நாள் இப்படிக் கேட்டு, தண்ணீரைக் குடித்து, இருந்த கதிரையிலேயே நனைந்திருப்பார்?

வார்டில் வேலை செய்யும் என் மச்சாள் சொல்லித்தான் ஒரு கொப்பி வாங்கினேன். மூன்று நாள், எப்போது என்ன குடித்தார், எப்போது போனார், எப்போது நனைந்தது என்று மணியோடு எழுதச் சொன்னேன். எழுதிப் பார்த்தால் எல்லாம் அதில் இருக்கிறது. கால் வீக்கத்துக்குக் கொடுக்கும் குளிசை காலை ஏழு மணிக்கு. அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு அடிக்கடி வரும், ஆனால் அந்த நேரம் எல்லோரும் மற்றவர்களைக் குளிக்கவார்ப்பதில் நிற்பார்கள். ஐந்து நாளாக வயிற்றாலும் போகவில்லை. குடல் நிறைந்திருந்தால் சலப்பையை நெருக்கும் என்று மச்சாள் சொன்னாள். அதோடு, நனைத்துவிடுவார் என்று பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணீரே கொடுப்பதில்லை. அது பிழை, சலம் கடுத்துப் பையை இன்னும் எரிச்சலாக்கும். இதை நான் கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன், பிறகு மன்னிப்பும் கேட்டேன், அந்தப் பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்போது ஹட்டன் பக்கத்துப் பிள்ளை ஒன்று அம்மாவின் மணிகளைப் பாடமாக்கி வைத்திருக்கிறது. குளிசை போட்டு அரை மணியில், சாப்பாட்டுக்கு முன், படுக்க முன். இழுத்துக்கொண்டு போவதில்லை, "போவோமா அம்மா?" என்று கேட்டுவிட்டு நிற்கும். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையை நீட்டுவார். கால் நிலத்தில் படாமல் தொங்குவதால் கொமட்டுக்குக் கீழே ஒரு பலகை வைத்தோம். கட்டில் தலைமாட்டில் 'சலம்' என்று சிங்கள எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தமும் ஒட்டியிருக்கிறேன். இப்போது பகலில் பம்பர்ஸ் இல்லை. இரவில் உண்டு, அது பரவாயில்லை. தொடையில் இருந்த புண் ஆறிவிட்டது.

ஆனால் எனக்கு நித்திரை வருவதில்லை, ஏனென்றால் அந்தப் பிள்ளை தீபாவளிக்கு ஊருக்குப் போகிறது. அப்புறம் அடுத்த கட்டிலில் பாணந்துறை அம்மா ஒருவர், அவரும் சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டே இருக்கிறார். அவருக்கு யாரும் வருவதில்லை. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டிலேயே 9ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது, இந்த மனுஷியோ கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று அவருக்கும் ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். எழுதுவார்களா, தெரியாது.

சரி, உன்னிடம் ஒரு வேலை. அம்மாவுக்கு ஹவுஸ்கோட் பொத்தான்களோடு மல்லுக்கட்ட முடியவில்லை, அவிழ்ப்பதற்குள் நனைந்துவிடுகிறது. முன்பக்கம் ஒட்டுப்பட்டி வைத்து, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற நீளத்தில் நாலு தைத்துத் தா. இரண்டு அம்மாவுக்கு, இரண்டு பாணந்துறை அம்மாவுக்கு. அவர் கொஞ்சம் பருமன். பருத்தித் துணியாக எடு. யாழ்ப்பாண பஸ்ஸில் கொடுத்துவிட்டால் வெள்ளவத்தையில் நான் எடுத்துக்கொள்வேன். தீபாவளிக்கு முன் வந்தால் நல்லது.

உன்
சாந்தி