உன் புதுக் கண்ணுக்கு ஒரு வேலை

அன்புள்ள சுந்தரம்,

நாலு மாதமாகக் கடிதம் போடவில்லை. திட்டுவதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் மருமகள் போனில் சொன்னாள். நீலமெல்லாம் பளீரென்று தெரிகிறதாமே? அப்படியானால் இத்தனை வருஷமாக நம் ரயில் பெட்டி பெயின்ட் வேலையில் வெள்ளை என்று சொல்லி நீ அடித்ததெல்லாம் என்ன நிறமோ, கடவுளுக்கே வெளிச்சம். எனக்கு முட்டிவலி பழையபடிதான். மகன், மருமகள், பேரன் எல்லாரும் சௌக்கியம்.

போன சனிக்கிழமை என்னை ரோஷெல் என்ற ஊரில் இறக்கிவிட்டு மகன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். சிகாகோவுக்கு மேற்கே சின்ன ஊர். இரண்டு ரயில் கம்பெனிகளின் மெயின் லைன் அங்கே குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அதை உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்கென்றே ஒரு பார்க் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு லைனில் பிஎன்எஸ்எஃப்பின் ஆரஞ்சு, இன்னொன்றில் யூனியன் பசிபிக்கின் மஞ்சள். அந்த மஞ்சளை 1934-ல் ஒரு ஸ்ட்ரீம்லைனர் ரயிலுக்கு அடித்தார்கள், இன்னும் விடவில்லை. அதற்குப் பெயர் ஆர்மர் மஞ்சள். ஆர்மர் என்பது இறைச்சிக் கம்பெனி. சைவப்பழம் நீ, முகத்தைச் சுளிக்காதே.

அப்புறம் ஒரு சரக்கு வண்டி வந்து என் எதிரிலேயே நின்றது. அதில் ஒரு பெட்டியின் பக்கவாட்டில் ‘சதர்ன் பசிபிக்’ என்ற பழைய எழுத்து வெளுத்துக் கிடந்தது. அந்தக் கம்பெனியை 1996-லேயே யூனியன் பசிபிக் எடுத்துக்கொண்டாயிற்று. நம்பர் இருந்த இடத்தில் மட்டும் கட்டமாக ஒரு பூச்சு, அதன் மேல் புது நம்பர். சுந்தரம், உப்புத்தாள் போடவில்லை, டேப் ஒட்டவில்லை. கட்டத்தின் கீழ் ஓரத்தில் இரண்டு சொட்டு வழிந்து அப்படியே காய்ந்திருக்கிறது. சாமிநாதன் சார் பார்த்திருந்தால் அந்த ஆள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்க மாட்டான்.

கன்னையன் ஞாபகம் வந்தது. அவன் காரியத்துக்கு நான் வரவில்லை, உனக்குக் கோபம் இருக்கும். அவன் ஸ்டென்சில் இல்லாமல் கையால் எழுதின 8, மேல் வட்டம் கொஞ்சம் ஒல்லியாக இருக்குமே, அது எந்தப் பெட்டியிலாவது நாலு பூச்சுக்கு அடியில் இன்னும் இருக்குமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். வண்டி போனதுகூடத் தெரியவில்லை.

சரி, அந்த சதர்ன் பசிபிக்கின் கூத்தைக் கேள். 1983 டிசம்பரில் அதன் தாய்க் கம்பெனியும் சாண்டா ஃபே ரயில்வேயின் தாய்க் கம்பெனியும் ஒன்று சேர்ந்தன. இரண்டு ரயில்வேயையும் இணைக்க அரசாங்கத்தின் வர்த்தக ஆணையம் இன்னும் சம்மதிக்கவில்லை. அதற்குள் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று புது நிறம் முடிவாகி, நூற்றுக்கணக்கான எஞ்சினுக்கு அடித்தும் விட்டார்கள். கோடாக் ஃபிலிம் சுருள் பெட்டியின் ஜாடை இருந்ததால் ரயில் பிரியர்கள் அதற்கு ‘கோடாக்ரோம்’ என்று பெயர் வைத்தார்கள். இதில் வேடிக்கை எழுத்துதான். சதர்ன் பசிபிக் எஞ்சினில் ‘எஸ்பி’ என்று மட்டும் எழுதிப் பக்கத்தில் இரண்டு எழுத்துக்கு இடம் விட்டார்கள். சாண்டா ஃபே எஞ்சினில் ‘எஸ்எஃப்’ எழுதி அதற்கு முன்னால் இடம் விட்டார்கள். சம்மதம் வந்த அன்றைக்கு நிரப்பிக்கொள்ளலாமாம்! 1986 ஜூலையில் ஆணையம் முடியாது என்று சொல்லிவிட்டது. பாதிப் பெயரோடு எஞ்சின்கள் நாடு முழுக்க ஓடின. எஸ்பிஎஸ்எஃப் என்றால் ‘ஷுடின்ட் பெயின்ட் சோ ஃபாஸ்ட்’, இவ்வளவு அவசரமாகப் பெயின்ட் அடித்திருக்கக் கூடாது என்று ஊரே சிரித்தது. நிச்சயதார்த்தத்துக்கு முன்னாலேயே கல்யாணப் பத்திரிகை அடித்த உன் சித்தப்பா ஞாபகம் எனக்கு.

நிறத்தில் ராசி பார்ப்பவன் நான் இல்லை. ஆனால் பென் சென்ட்ரல் கதையைக் கேட்டால் கொஞ்சம் ஆடித்தான் போகிறேன். பென்சில்வேனியா ரயில்வேயும் நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயும் பரம வைரிகள். பென்சில்வேனியாவின் சின்னம் கல் வளைவின் உச்சியில் வைக்கிற சாவிக்கல். பென்சில்வேனியா மாநிலத்தின் செல்லப் பெயரே அதுதான். 1968 பிப்ரவரியில் இரண்டும் சேர்ந்து பென் சென்ட்ரல் ஆனதும் சாவிக்கல் போய்விட்டது. எஞ்சின் முழுக்கக் கறுப்பு, அதன் மேல் பி-யும் சி-யும் பின்னிக்கொண்ட ஒரு சின்னம். பார்த்தவர்கள் ‘கூடும் புழுக்கள்’ என்றார்கள். இவர்கள் ஊரில் துக்கத்துக்குக் கறுப்பு அல்லவா? 1970 ஜூனில் திவால். 1976-ல் அரசாங்கம் அதையும் இன்னும் சில நொடித்த கம்பெனிகளையும் சேர்த்து கான்ரெயில் என்று ஆக்கி நீலம் அடித்தது. சின்னமாகத் தண்டவாளத்தில் சக்கரம் நிற்பதாக வரைந்தார்கள், ஜனங்களுக்கு அது டப்பா திறக்கிற கருவியாகத் தெரிந்தது.

எனக்குப் பிடித்தது நார்தர்ன் பசிபிக் ரயில்வேயின் சின்னம். வட்டத்துக்குள் சிவப்பும் கறுப்பும் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு வளையும். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் கொரியக் கொடியைப் பார்த்த அவர்களுடைய சீஃப் எஞ்சினியர் அதிலிருந்து எடுத்தாராம். எஞ்சினியரிடமிருந்து ஒரு நல்ல யோசனை! நம்பு.

இப்போது பழைய நிறங்களுக்கு மவுசு. நார்ஃபோக் சதர்ன் ரயில்வே 2012-ல் இருபது எஞ்சின்களுக்குத் தன்னோடு கரைந்துபோன கம்பெனிகளின் நிறத்தை அடித்து ஓட்டுகிறது. மகனுக்கு ஒரே சந்தோஷம். விழுங்கின வாயைத் துடைத்துக்கொண்டு படத்துக்கு மாலை போடுகிற சமாச்சாரம் என்றேன், கோபித்துக்கொண்டான். 2025 ஜூலையில் யூனியன் பசிபிக் அந்த நார்ஃபோக் சதர்னையே வாங்கப் போவதாக அறிவித்தது. நார்ஃபோக் சதர்னின் கறுப்பு எஞ்சினில் இருக்கிற குதிரைத்தலைச் சின்னம் அழகு, ஒரு கோடு அதிகமில்லை. அரசாங்கத்தின் சம்மதம் வருகிற வரைக்கும் யாரும் பெயின்ட் டப்பாவைத் திறக்காமல் இருந்தால் சரி.

இத்தோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். பென்சில்வேனியாவின் ஜிஜி1 மின்சார எஞ்சின். மேலே ஓடுகிற ஐந்து தங்கக் கோடுகள் ரேமண்ட் லோவி என்ற டிசைனர் போட்டவை. உடம்பு பச்சை என்று மகன் சத்தியம் செய்கிறான், ஏராளமாகக் கறுப்புக் கலந்த பச்சையாம். எனக்குச் சுத்தக் கறுப்பாகத்தான் தெரிகிறது. ஐந்து டாலர் பந்தயம். வெயிலில் வைத்துப் பார், ஆபரேஷன் ஆன கண்ணால் மட்டும் பார். மற்றதை நான் நம்ப மாட்டேன்.

உன்,
வேலு