பின்களத்தில் வெங்காயம் வைத்த மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். இதை உன் வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டிருக்கலாம். போட்டால் நாலு வரிக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள். ஒருவன் சிரிக்கிற முகத்தை அனுப்புவான், இன்னொருவன் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவான். அதனால் ஊரறிய இங்கே எழுதுகிறேன். நீயும் ஊரறியவே பதில் எழுது.

போன ஞாயிற்றுக்கிழமை பாண்டி கோவில் கிடா விருந்தில் நீ செய்த காரியத்தை நான் மறக்கவில்லை. இலையில் சோற்றைத் தட்டிப் பரப்பிக் கால்பந்து மைதானம் ஆக்கி, நம் சென்னையின் எஃப்சி எப்படி ஆள் எடுக்க வேண்டும் என்று காட்டினாய். நல்லி எலும்பை முன்னால் நிறுத்தி, இவர்தான் புது ஸ்ட்ரைக்கர் என்றாய். அதற்குப் பின்னால் ஈரல் துண்டு இரண்டு, நடுகளத்தில் சுவரொட்டி என்கிற மண்ணீரல். களத்தில் இறக்கக்கூடிய நான்கு வெளிநாட்டவர் இடமும் அத்தோடு முடிந்தது. பின்களத்துக்கு வரும்போது கறி தீர்ந்துவிட்டது. கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற ஸ்டாப்பர் இருவருக்குப் பக்கத்து இலையிலிருந்து இரண்டு வளையம் வெங்காயத்தை எடுத்து வைத்து, "ஸ்டாப்பருக்கு நம் நாட்டுப் பையன்களே போதும் மாமா, இந்திய ஸ்டாப்பர் மலிவு" என்றாய். ரசம் ஊற்ற வந்தவர் ஊற்றியதும் முதலில் மிதந்து போனது அந்த இரண்டு வெங்காயம்தான். அப்போதே சொல்லியிருப்பேன். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள், பேசாமல் சாப்பிட்டேன்.

இப்போது சொல்கிறேன். சென்னையின் எஃப்சி இந்தியன் சூப்பர் லீக் கோப்பை வாங்கிய கடைசி இரவை நினைத்துப் பார். 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா அரங்கம், இறுதிப் போட்டி. லீக்கில் முதலிடம் பிடித்த பெங்களூரு அணி, அதன் சொந்த மைதானம். ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டிக் கோல் போட்டுவிட்டார். நீ அப்போது பத்தாம் வகுப்பு, அடுத்த தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று அக்கா டிவியை அணைக்கப் போனாள். அதன்பின் 3-2 என்று வென்றோமே, அந்த மூன்றில் இரண்டு யார் அடித்தது? நம் முன்கள வீரர் ஜெஜே இல்லை. மைல்சன் ஆல்வ்ஸ். பிரேசிலிலிருந்து வந்த ஸ்டாப்பர். கிரெகரி நெல்சன் அடித்த கார்னர்கள் இரண்டு, மைல்சன் தலை இரண்டு முறை. நீ வெங்காயம் வைத்த இடம்தான் மாப்பிள்ளை அந்தக் கோப்பையை வாங்கிக் கொடுத்தது.

அதற்கு நாலு நாள் முன்னால் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்துக்கு நான் சென்னை போயிருந்தேன். உனக்குத் தெரியாது. வீட்டில் கொள்முதல் என்று சொல்லிவிட்டுப் போனேன். கோவா அணி எதிரில். அந்தப் பருவத்தில் மட்டும் 18 கோல் அடித்த கோரோமினாஸ் அதில் ஆடினார். டிவியில் நீ பார்த்திருப்பாய்: ஜெஜே இரண்டு, சென்னைப் பையன் தன்பால் கணேஷ் ஒன்று, 3-0. நேரு அரங்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது வேறு ஆட்டம். டிவி பந்தின் பின்னாலேயே ஓடும். ஸ்டாப்பரின் வேலையோ பந்து இல்லாத இடத்தில் நடக்கும். பந்து கோவாவின் கோல் பக்கம் இருக்கும்போது மைல்சனும் ஹென்ரிக் செரெனோவும் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஒருவர் இரண்டடி முன்னால் வந்தால் மற்றவர் ஓரடி பின்னால் போனார். தோளைத் திருப்பி ஒரு பார்வை, கையை நீட்டி ஒரு சுட்டல், மறுபடி இரண்டடி. சந்தையில் தராசு பிடிக்கிறவன் முள்ளைப் பார்க்கிற மாதிரி. பத்து நிமிடம் அந்த இருவரை மட்டுமே பார்த்திருப்பேன். அதற்குள் பக்கத்தில் எழுந்த கூச்சலைக் கேட்டுத்தான் கோல் விழுந்தது தெரிந்தது. கோரோமினாஸ் அன்று ஒரு கோலும் போடவில்லை. இரவு கோயம்பேட்டில் கிடைத்த பஸ்ஸில் ஏறி, மேலூர் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். தூக்கம் வரவில்லை, முன் இருக்கைக்காரரின் குறட்டையும் ஒரு காரணம்.

நீ இதற்கு என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "அடுத்த வருடமே மைல்சன் இருந்தும் 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம்." உண்மைதான். ஜெஜேயின் கால் அந்த ஆண்டு உறங்கிவிட்டது. தன்பால் கணேஷ் காயத்தில் உட்கார்ந்துவிட்டார். இவற்றோடு செரெனோ போய்விட்டார் என்பதையும் சேர்த்துக்கொள். ஒற்றைக்காளை வண்டி இழுக்காது. நான் ஸ்டாப்பர் என்று சொல்லும்போதெல்லாம் ஓர் ஆளைச் சொல்லவில்லை, ஒரு ஜோடியைச் சொல்கிறேன்.

அந்த ஜோடிக் கணக்கைப் பார். 2019-20இல் லூசியன் கோயனும் எலி சாபியாவும். பாதிப் பருவத்தில் ஓவன் காய்ல் பயிற்சியாளராக வந்தார், அடிமட்டத்தில் கிடந்த அணி இறுதிப் போட்டி வரை போனது. கொரோனா அச்சத்தில் ஆளில்லாத அரங்கத்தில் கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 3-1 என்று தோற்றோம். மறு ஆண்டு கோயன் இல்லை, எனெஸ் சிபோவிச் வந்தார். அதற்கடுத்த ஆண்டு சிபோவிச் கேரளா பிளாஸ்டர்ஸ் போய்விட்டார், நமக்கு ஸ்லாவ்கோ டம்ஜானோவிச். அதற்கடுத்து செனகலின் ஃபாலூ டியாக்னேவும் ஈரானின் வஃபா ஹகமனேஷியும். பிறகு ரயான் எட்வர்ட்ஸ், கூடவே லாசர் சிர்கோவிச். வாடகை வீட்டுக்குக் குடிவருகிற மாதிரி வருவார்கள், பால் காய்ச்சுவார்கள், காலி செய்வார்கள். கோல்கீப்பருக்கு அவர்கள் பெயர் வாயில் நுழைவதற்குள் பருவம் முடிந்துவிடும். எட்வர்ட்ஸை மட்டும் அடுத்த ஆண்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தப் புத்திக்கு ஒரு கும்பிடு. ஆனால் அவருக்குப் பக்கத்தில் நின்றவர் மாறிவிட்டார். 2024-25இல் 13 அணிகளில் 11ஆம் இடம்.

உன் கட்சியில் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது, நீயே அதை எடுத்து வைக்கவில்லை. நான் வைக்கிறேன், கணக்கு நேராக இருக்கட்டும். 2020-21 பருவம். சிபோவிச்சும் சாபியாவும் மோசமில்லை. 20 ஆட்டத்தில் 6 தோல்விதான். ஆனால் 11 டிரா, அடித்தது மொத்தமே 17 கோல். முன்களத்தில் ஆளில்லாமல் பின்களத்தை மட்டும் பூட்டி வைத்தால் எட்டாம் இடம்தான் கிடைக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். முந்தைய ஆண்டு 15 கோல் அடித்த வால்ஸ்கிஸை ஜம்ஷெட்பூருக்கு விட்டுவிட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட கதை அது. இதை நான் மறுக்கவில்லை. இரண்டு இடம் முன்னால், இரண்டு இடம் பின்னால் என்றுதான் நான் கேட்கிறேன். நான்கையும் நல்லி எலும்பும் ஈரலுமாக வாங்காதே என்கிறேன்.

களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் என்பது 2021-22இலிருந்து வந்த சட்டம். அதற்கு முன் ஐந்து, தொடக்கத்தில் ஆறு. ஆறு இருந்த காலத்தில் யாரை வேண்டுமானாலும் வாங்கலாம், வாங்கவும் செய்தார்கள். முதல் ஆண்டு நம் அணியில் ஜிதான் தலையால் முட்டிய அதே மாத்தராசி ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்தார். போதாது என்று பருவத்தின் நடுவில் 38 வயது நெஸ்டாவையும் அழைத்து வந்தார். 2006இல் இத்தாலிக்கு உலகக் கோப்பை வாங்கிய அணியின் ஸ்டாப்பர்களில் இரண்டு பேர் நம் சட்டையில்! மதுரையில் அதைச் சொன்னால் அப்போது யாரும் நம்பவில்லை. இப்போது இடம் நான்குதான். சுருக்கிக் கொடுத்த இடத்தில் கொல்கத்தாவின் மோகன் பகான் அணி என்ன செய்தது என்று பார்த்தாயா? 2024-25இல் லீக் முதலிடம், இறுதிப் போட்டிக் கோப்பை இரண்டையும் தூக்கியது. ஸ்டாப்பர் இருவரும் வெளிநாட்டவர், டாம் ஆல்ட்ரெடும் அல்பெர்ட்டோ ரோட்ரிகஸும். 24 லீக் ஆட்டத்தில் விட்ட கோல் 16. லெஃப்ட் பேக் சுபாசிஷ் போஸ் தன் பங்குக்கு 6 கோல் அடித்தார். மெக்லாரன், கம்மிங்ஸ், பெட்ராடோஸ் என்று முன்களத்தில் பணக்காரர்களை வரிசையாக வைத்திருந்தவர்கள்கூட ஸ்டாப்பர் இடத்தில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

"இந்திய ஸ்டாப்பர் மலிவு" என்றாய். 2024இல் அன்வர் அலி என்ற ஒரே ஒரு ஸ்டாப்பருக்காகக் கொல்கத்தாவின் இரண்டு பெரிய கிளப்புகள் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் வரை போய், வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் ஏறியது. மலிவான பொருளுக்கு யாரும் நீதிமன்றம் ஏறுவதில்லை. கோல் அடிப்பது வெளிநாட்டவர் வேலை என்று எல்லா அணிகளும் பழகிக்கொண்டதில் நாட்டு அணிக்கு என்ன ஆனது, சொல். 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சேத்ரியை 2025 மார்ச்சில் 40 வயதில் திரும்ப அழைத்தார்கள். உன் இலையில் அந்தச் செலவும் சேர்ந்திருக்கிறது.

நம் ஸ்டாப்பர் பிகாஷ் யும்னம் விஷயத்தில் நீயும் நானும் முதல் முறையாக ஒரே பக்கம் நிற்பது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. 2025 ஜனவரியில் அந்த 21 வயது மணிப்பூர்ப் பையனைக் கேரளாவுக்குக் கொடுத்துவிட்டு 31 வயது பிரீதம் கோட்டலை வாங்கினார்கள். நீ கொதித்தாய். உன் கொதிப்பு வயதைப் பற்றியது. கோட்டல்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மோகன் பகானுக்கு 2023இல் தலைவராக நின்று கோப்பை தூக்கியவர். என் வருத்தம் பருவத்தின் நடுவில் செய்தார்களே என்பதுதான். முன்கள வீரரை ஜனவரியில் மாற்றலாம். வந்த அன்றே ஒரு கோல் அடித்துவிட்டால் எல்லாரும் அவரைத் தோளில் தூக்குவார்கள். பின்கள வீரர் வந்த அன்றே செய்யக்கூடியது பிழை ஒன்றுதான்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? 1991, திண்டுக்கல்லில் ஒரு போட்டி. நான் ஸ்டாப்பர். என்னோடு நின்றவன் செல்லூரில் தறி ஓட்டுகிறவரின் மகன். அவன் முன்னேறுவதற்கு முன் நாக்கை மேலண்ணத்தில் வைத்து 'டக்' என்று ஒரு சத்தம் கொடுப்பான். தறியில் ஓடம் திரும்புகிற சத்தம் மாதிரி இருக்கும், எதிராளிக்குக் கேட்காது. அந்த 'டக்' கேட்டால் நானும் ஓரடி ஏறுவேன், அவர்களின் ஃபார்வர்டு ஆஃப்சைடில் நிற்பான். காலிறுதி வரை ஒரு கோல் விடவில்லை. அரையிறுதிக்கு எங்கள் அணியை நடத்தியவர் வெளியூரிலிருந்து பெயர் பெற்ற ஆள் ஒருவரைக் கூட்டி வந்தார். போக்குவரத்துச் செலவு, பிரியாணி, கையில் கொஞ்சம் பணம். செல்லூர்க்காரனை வெளியே உட்கார வைத்தார்கள். வந்தவர் ஆட்டத்தில் என்னைவிட நூறு மடங்கு மேல், அதில் சந்தேகமில்லை. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம். அவர் ஏறினார். நான் 'டக்' வரும் என்று நின்றேன், வரவில்லை, இறங்கினேன். எங்களுக்கு நடுவில் மாட்டு வண்டி போகிற அகலம். பந்து அதில் போனது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, செல்லூர்க்காரன் மட்டும் வாடிப்பட்டி தாண்டியதும் வந்து உட்கார்ந்து கொய்யாப்பழத்தில் பாதி கொடுத்தான். இன்றுவரை அந்த ஆட்டத்தைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

நம் பக்கத்துப் பையன்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. சிவகங்கை மாவட்டத்துக் கண்டனூரிலிருந்து போன சிவசக்தி 2022-23இல் பெங்களூரு அணிக்கு ஆடி, லீக்கின் சிறந்த இளம் வீரர் விருது வாங்கினார். பெருமைதான், நானே நாலு பேருக்கு இனிப்புக் கொடுத்தேன். அவர் ஃபார்வர்டு என்பதால் இப்போது காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு வருகிற இருபது பையன்களில் பதினெட்டுப் பேர் ஃபார்வர்டு. பின்னால் நிற்கச் சொன்னால் தண்டனை கொடுத்த மாதிரி முகத்தைத் தூக்குகிறார்கள். அலங்காநல்லூரில் மாட்டைப் பிடிக்கிறவனுக்குப் பீரோவும் பைக்கும் என்று தெரிந்த ஊரில், பந்தைப் பிடித்து நிறுத்துகிறவன் இளக்காரமாகப் போனது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

மீதி இரண்டு பேரில் ஒருவன் கோல்கீப்பர். இன்னொருவன் பதினொன்றாம் வகுப்பு, யானைக்கல்லில் பழக்கடை வைத்திருப்பவர் மகன், தானாகவே வந்து பின்னால் நிற்கிறான். பந்தைப் பார்ப்பதைவிட ஆளின் இடுப்பைப் பார்க்கிறான். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன், பஸ்ஸுக்குள் கூட்டத்தில் நுழைகிற ஆள் எந்தப் பக்கம் போவான் என்று இடுப்பைப் பார்த்தால் தெரியும் என்றான். ஞாயிறு காலை ஆறு மணிக்கு வா. நீ ஃபார்வர்டாக அவனுக்கு எதிரே ஆடுவாய் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். பூட்ஸ் இல்லையென்றால் என்னுடையது எட்டாம் எண், உனக்குச் சரியாக இருக்கும்.

அன்புடன்,
உன் மாமா