கூவம் நாத்தத்தை அளக்க ஒரு மீட்டர் வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமைந்தகரையில கூவத்தை ஒட்டின தெருவுல கீழ்வீட்டுல குடியிருக்கோம். கூவத்தை சுத்தம் பண்றாங்கன்னு எப்ப நியூஸ் வந்தாலும் தூர் வாருறது, வேலி போடுறது, கரையில பூங்கா வைக்கிறது இதுதான் வருது, பக்கத்துல குடியிருக்குற ஜனங்க என்ன காத்தை இழுக்குறாங்கன்னு யாரும் பேசுறதே இல்ல, அதான் எழுதுறேன்.

பகல்ல காத்து வீசும்போது ஓரளவு தெரியாது. ராத்திரி காத்து நின்னுட்டா அழுகின முட்டை நாத்தம் வீட்டுக்குள்ள வந்துடும், ஜன்னலை சாத்தினா புழுக்கம், தொறந்தா நாத்தம், கரண்ட்டும் போயிட்டா விடிய விடிய பொட்டுத் தூக்கம் கிடையாது. பிள்ளைங்க தலைவலியோட எந்திரிச்சு, இட்லியை ஒரு வாய் வச்சதும் குமட்டுதுன்னு தட்டை தள்ளிட்டு ஸ்கூலுக்கு போகுதுங்க. புகார் குடுத்தா கொசு மருந்து அடிச்சிட்டு போறாங்க. கரையோரம் குடிசை போட்டிருந்த பல குடும்பங்களை பெரும்பாக்கத்துக்கு அனுப்பியாச்சு, நாத்தம் மட்டும் எங்கயும் போகல.

சாக்கடைத் தண்ணி ஓடாம தேங்கி அதுல ஆக்ஸிஜன் தீர்ந்துபோச்சுன்னா, அடிச் சேத்துல இருக்குற பாக்டீரியா அந்த அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். நேப்பியர் பாலத்துக்கிட்ட முகத்துவாரத்தை மணல் அடைச்சுக்கிட்டா தண்ணி கடலுக்கும் போகாது, கடல் தண்ணி உள்ளயும் வராது. நல்ல மழை பெஞ்சு வெள்ளம் ஓடினா மட்டும் கொஞ்ச நாள் மூச்சு விடுறோம். காத்தை விட கனமான வாயுங்கறதால கீழ்வீட்டுக்காரங்களுக்குத்தான் ஜாஸ்தி. பீரோவுல இருக்குற வெள்ளிக் கொலுசு கன்னங்கரேல்னு ஆயிடுது, ஏசி காயில் அரிச்சு ஓட்டையாகி கேஸ் இறங்கிடுது, வந்த மெக்கானிக் பாத்ததுமே "கூவம் பக்கம்னா காப்பர் தாங்காது சார்"னு சொல்லிட்டாரு. அந்தக் காத்தைத்தான் எங்க தெருவுல கைக்குழந்தைங்களும் இழுக்குதுங்க. போகப்போக பழகிடும்னு சொல்றவங்க இருக்காங்க, மூக்கு மரத்துப் போகுமே தவிர வாயு குறையாதுங்க.

உலக சுகாதார நிறுவனம், நாத்தத் தொந்தரவு வராம இருக்கணும்னா காத்துல இந்த வாயுவோட அரை மணி நேர சராசரி ஒரு கன மீட்டருக்கு 7 மைக்ரோகிராமை தாண்டக்கூடாதுன்னு சொல்லுது. நம்ம நாட்டுல 2009ல வந்த காற்றுத் தர அளவுகள்ல 12 மாசு இருக்கு, ஹைட்ரஜன் சல்பைடு அதுல இல்லவே இல்ல. அதனால நாங்க மூக்கைப் பொத்திக்கிட்டு இருக்குற ராத்திரியிலயும் போன்ல பாத்தா காத்து நல்லாருக்குன்னு காட்டும். கணக்குலயே வராத ஒண்ணுக்கு யாரு நடவடிக்கை எடுப்பாங்க?

அமைந்தகரை, சேத்துப்பட்டு, சிந்தாதிரிப்பேட்டைன்னு கரையோரம் ஜனங்க நெருக்கமா இருக்குற இடத்துல இந்த வாயுவை அளக்குற மீட்டர் வைங்க, முக்கியமா ராத்திரி ரீடிங் எடுங்க, அதை தினமும் எல்லாரும் பாக்குற மாதிரி வெளியிடுங்க. எங்க ஜாஸ்தியா காட்டுதோ அங்க ஆத்துல விழுற சாக்கடைக் குழாயை முதல்ல அடைங்க, பூங்கா அப்புறம் கட்டிக்கலாம்.

இப்படிக்கு,
அமைந்தகரை வாசகர், சென்னை