டிசம்பர் வரை காத்திருக்காதே, மகள்

ஸ்காபரோ,
ஒக்டோபர் 14

அன்புள்ள மகளுக்கு,

உன் வண்டி நான்கு சில்லுகளுக்கும் இழுவை போகும் வண்டி என்பதால் பனிக்காலத்துக்கென்றே செய்யும் வின்ரர் ரயருக்கு அவசரப்படத் தேவையில்லை என்றும், டிசம்பர் 1ஆம் திகதிக்குள் உன்னுடன் வேலை செய்பவரிடம் இருக்கும் பழைய ரயர்களை வாங்கிப் போட்டுவிடலாம் என்றும் நேற்றுச் சொன்னாய். நீ வேலைக்கு வெளிக்கிடும் நேரமாக இருந்ததால் நான் நினைத்ததை முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ இரண்டாம் வகுப்புப் படித்த ஆண்டின் தை மாதத்தில், மார்க்கம் வீதியும் எல்ஸ்மியர் வீதியும் சந்திக்கும் இடத்தில் நடந்தது உனக்கு நினைவிருக்காது. பின் ஆசனத்தில் நித்திரையாக இருந்தாய். சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே கண்டு, மெதுவாகத்தான் பிரேக்கை மிதித்தேன். பெடல் என் காலுக்குக் கீழே கடகடவென்று அதிர்ந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. சந்தியின் நடுப்பகுதி வரை வழுக்கிக்கொண்டு போய்த்தான் நின்றது. குறுக்கே வந்த பேருந்தின் சாரதி முன்கூட்டியே கவனித்து நிறுத்தியதால் தப்பினோம். அப்போது போட்டிருந்தவை வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத, எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கும் ஆல் சீசன் ரயர்கள். தேய்மானத்தைக் குறை சொல்ல வழியே இல்லை.

குளிர் தொடங்கியதும் நம் குளியலறையில் இருக்கும் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் உறைந்து போவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? ஆல் சீசன் ரயரின் ரப்பரும் ஏறக்குறைய 7 பாகைக்குக் கீழே அப்படித்தான் இறுகத் தொடங்கும். வின்ரர் ரயரின் ரப்பர் கடுங்குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டது. அதன் மேற்பரப்பில் இருக்கும் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் பனியையும் கட்டிப்பனியையும் கவ்விப் பிடிக்கும். நான்கு சில்லு இழுவை நீ புறப்படுவதற்கு உதவும், பனிக்குள் புதைந்தால் வெளியே வருவதற்கு உதவும். ஆனால் எல்லா வண்டிகளுக்கும் நான்கு சில்லுகளிலும் பிரேக் இருப்பதால், நிற்க வேண்டிய நேரத்தில் உன் வண்டிக்கு அதனால் ஒரு மேலதிக நன்மையும் இல்லை. நிறுத்துவது ரயர்தான், பிள்ளை. நன்றாகப் புறப்படுகிறதே என்ற நம்பிக்கையில் வேகமாகப் போய்விடுவாயோ என்பதுதான் என் பயம்.

நீ வளர்ந்த ஒன்ராறியோவில் வின்ரர் ரயர் கட்டாயமில்லை. நீ இப்போது இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். தவறினால் 200 முதல் 300 டொலர் வரை தண்டம். ஆனால் அந்தத் திகதி சட்டத்துக்கானது, உன் ஊரான ஷிக்கூட்டிமியின் குளிர் அதுவரை காத்திருக்காது. நீ கியூபெக் நகரத்துக்குப் போய்வரும் 175ஆம் நெடுஞ்சாலை லோரென்டிட் காட்டு மலைகளுக்கு ஊடாகப் போகிறது. ஊருக்குள் மழையாக விழுவது அங்கே பனியாக விழும். ஆகவே இந்த மாதமே போட்டுவிடு. நவம்பர் கடைசியில் கடைகளில் நேரம் கிடைப்பதும் கஷ்டம்.

பழைய ரயர்களைப் பற்றி. வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, ஆனால் குனிந்து பார்க்காமல் பணம் கொடுக்காதே. ரயரின் பக்கச் சுவரில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்க வேண்டும். எம் பிளஸ் எஸ் (M+S) என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அது சட்டத்துக்கும் போதாது, பனிக்கும் போதாது. அதே பக்கத்தில் டொட் (DOT) என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படி: 3518 என்று இருந்தால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. ரயரின் மேற்பரப்பில் ஓடும் வெட்டுகள் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அவ்வளவு பழைய ரப்பரை நான் உனக்கு விரும்பமாட்டேன். பிறகு ஒரு 25 சத நாணயத்தை, அதில் பொறித்திருக்கும் கரிபூ மானின் மூக்கு உள்நோக்கி இருக்கும்படி வெட்டுக்குள் செருகிப் பார். மூக்கு நுனி வெளியே தெரிந்தால் ஆழம் 4.8 மில்லிமீற்றருக்குக் குறைவு. சட்டம் 1.6 மில்லிமீற்றர் வரை விடுகிறது. ஆனால் அந்த அளவில் வெட்டு பனியை வாரித் தள்ளாது, அதன்மேல் மிதந்துதான் போகும்.

என் விருப்பம், புதிதாக நான்கும் வாங்குவதுதான். உன் வண்டியில் இப்போது இருப்பது 225/60ஆர்18 அளவு ரயர், கடைசி எண் ரிம்மின் அங்குலம். அதே மொடலின் மலிவான வண்டிகள் 225/65ஆர்17இல் ஓடுகின்றன. சுற்றளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் 17 அங்குல ரயர் பொதுவாக விலை குறைவு. உன் வண்டியின் பிரேக்குக்கு அந்த ரிம் பொருந்துமா என்று கடையில் உறுதிப்படுத்திக்கொண்டு, இரும்பு ரிம்மோடு சேர்த்து வாங்கினால் ஒவ்வொரு பருவத்துக்கும் ரயரை ரிம்மிலிருந்து கழற்றி மாட்டும் கூலி மிச்சமாகும். ஆணி வைத்த ரயர் கியூபெக்கில் ஒக்டோபர் 15 முதல் மே 1 வரை அனுமதி. வெறும் கட்டிப்பனியில் அது நன்றாகப் பிடிக்கும், ஆனால் காய்ந்த வீதியில் இரைச்சல் அதிகம். உன் வீட்டுக்கு முன்னால் இருக்கும் ஏற்றத்தை நான் பார்த்ததில்லை. அயலவர்கள் என்ன போடுகிறார்கள் என்று கேட்டுத் தீர்மானி.

மாட்டிய பிறகு 100 கிலோமீற்றர் அளவில் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கச் சொல். காற்றையும் மாதம் ஒருமுறை, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பார். 5, 6 பாகை குறையும் ஒவ்வொரு தடவையும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ (psi) இறங்கும். கடைக்குள் 20 பாகையில் நிரப்பியது, வெளியே மைனஸ் 20இல் 7 பிஎஸ்ஐ அளவில் குறைந்திருக்கும்.

சனிக்கிழமை கடைக்குப் போவதாகச் சொன்னாய். பணம் கொடுப்பதற்கு முன்பு ரயரின் பக்கச் சுவரை, அந்த மலையும் நான்கு இலக்கங்களும் தெரியும்படி படம் எடுத்து எனக்கு அனுப்பு. பாதிப் பணம் நான் போடுகிறேன், அதில் என்னோடு வாதாடாதே.

அன்புடன்,
அம்மா