காரை எங்க விடப்போறாய்?

யாழ்ப்பாணம்
ஞாயிறு காலை

மச்சான்,

மூண்டு மாதமாய் ஒரு வரி எழுதேல்லை எண்டு நீ திட்டுறது இஞ்ச கேக்குது. திட்டு, பரவாயில்லை. நேற்றுக் கட்டையன் சந்தியில மறிச்சு, நீ மனிசி, பிள்ளையள், மாமி எல்லாரையும் ஏத்திக்கொண்டு வாற கிழமை ஆக்சியோ காரில கொழும்புக்கு வெளிக்கிடுறாய் எண்டான். போனில சொன்னால் "தெரியும் தெரியும்" எண்டு பாதியில வைச்சிடுவாய். அதுதான் எழுதுறன். இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ அப்பிடியே கிடக்கு.

கேள்வி ஒண்டுதான். காரை எங்க விடப்போறாய்?

ஓட்டத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. 400 கிலோமீற்றர், நேர் றோட்டு. காலமை மூண்டரைக்கு வெளிக்கிடு. கிளிநொச்சி தாண்டி மாங்குளம் மட்டும் இருட்டுக்குள்ள மாடுகள் தார் றோட்டில சூட்டுக்குப் படுத்திருக்கும். கறுத்த மாடு லைற் வெளிச்சத்தில கிட்டப் போகுமட்டும் தெரியாது, 60க்கு மேல மிதிக்காத. வவுனியாவில விடிஞ்சிடும். மதவாச்சியால அனுராதபுரம் பிடிச்சு, நொச்சியாகமவில இருந்து புத்தளம் மட்டும் யானை வாற பக்கம். அதைப் பகல் வெளிச்சத்தில கடக்கவேணும் எண்டுதான் மூண்டரைக் கணக்கு. பேந்து சிலாபம், நீர்கொழும்பு. இடையில சாப்பிட்டு, மாமிக்கு ரெண்டு தரம் நிப்பாட்டினாலும் பன்னிரண்டரைக்குள்ள வெள்ளவத்தை. பிந்தினியோ, ஒண்டரைக்குப் பள்ளிக்கூடங்கள் விடும், வான்காரர் முழு றோட்டையும் அடைச்சிடுவினம். நாலரைக்குப் பிறகு கந்தோர் சனம். அதுக்குள்ள மாட்டினால் பொரளையில இருந்து வெள்ளவத்தைக்கு ஒரு மணித்தியாலம்.

கட்டுநாயக்காவில அதிவேகப் பாதைக்குள்ள ஏறேக்க தாற ரிக்கற்றைச் சட்டைப் பையில வை, மனிசியிட்டைக் குடுத்தால் அது ஹாண்ட்பாக்கின்ர அடிக்குப் போயிடும். பின்சீற்றிலயும் எல்லாரும் பெல்ற் போடுங்கோ. பேலியகொடையில காசு கட்டினாப் பிறகு பலகைகளை நல்லாப் பார். 2021இல திறந்த புதுக் களனிப் பாலத்தால ஒருகொடவத்தைப் பக்கம் இறங்கி, பேஸ்லைன் வீதியைப் பிடி. தெமட்டகொடை, பொரளை, நாரஹேன்பிட்டி, கிருலப்பனை எண்டு ஒரே நேர். கிருலப்பனையில ஹைலெவல் வீதிக்கு வலப்பக்கம் திரும்பினால் பாமன்கடை, அங்கயிருந்து டபிள்யூ.ஏ.சில்வா மாவத்தை உன்னை நேர வெள்ளவத்தைக் காலி வீதியில விடும். கூகிள் அக்கா கோட்டை, புறக்கோட்டைப் பக்கத்தால ரெண்டு நிமிசம் மிச்சம் எண்டு ஆசை காட்டுவா. கேளாத. மூட்டை இழுக்கிற நாட்டாமையளின்ர வண்டிலுக்கும் லொறிக்கும் நடுவில காரை விட்டிட்டு நீ வியர்க்கிறதைப் பார்க்க எனக்கு விருப்பம்தான், ஆனால் மாமியும் இருப்பா எல்லே.

சரி, வெள்ளவத்தை வந்திட்டாய். இனித்தான் கதை.

உன்ர மச்சாள் வீட்டில நிக்கிறதெண்டால், மாடிக் குடியிருப்பில ஒரு வீட்டுக்கு ஒரு இடம்தான் வழக்கம். அதில அவையின்ர கார் நிக்கும். "வாங்கோ, பாப்பம்" எண்டு மச்சாள் சொன்னால் அதுக்கு அர்த்தம் இடம் இல்லை. அதால இண்டைக்கே எடுத்து நாலு விஷயம் கேள். இடத்துக்கு இலக்கம் என்ன, இரவிலும் விடலாமோ? செக்கியூரிட்டியிட்டை உன்ர கார் நம்பரை முதலே எழுதிக் குடுத்தாச்சோ? (வட மாகாண NP தகட்டைப் பார்த்ததும் அவர் ஒருக்கா எழும்பித்தான் வருவார்.) ஒண்டுக்குப் பின்னால ஒண்டு விடுற இடமோ? அப்பிடியெண்டால் முன்னுக்கு நிக்கிறவரின்ர போன் நம்பர் உன்னட்டை இருக்கவேணும், இல்லாட்டி காலமை ஆறு மணிக்கு பைஜாமாவோட ஆரையோ தேடித் திரிவாய். கடைசி, கீழ்த்தளத்துக்கு இறங்கிற சறுக்குப் பாதை எவ்வளவு செங்குத்து, கூரை எவ்வளவு உயரம்? உன்ர காருக்கு உயரம் பிரச்சினையில்லை. ஆனால் அத்தாரும் ஹயஸ் வானில பின்னால வாறாராம் எண்டு கட்டையன் சொன்னான். உயர்கூரை ஹயஸ் 2.2 மீற்றருக்கு மேல. நிலக்கீழ் தரிப்பிடங்கள் பலதில 2.1 எண்டு கம்பி தொங்கும். அவர் கூரையில கறியரும் பூட்டியிருக்கிறார். அவரைத் திறந்த வெளியில விடச் சொல்லு.

சறுக்கில இறங்க முதல் எல்லாரையும் வாசலில இறக்கிவிடு, சாமானையும் இறக்கு. அஞ்சு பேரும் ஒடியல் மாவும் மாம்பழப் பெட்டியுமாய் கார் தாழ்ந்து நிக்கும். சறுக்கு முடிஞ்சு தரை தொடங்கிற மடிப்பில முன் பம்பர் அடி உரசும். தூணுக்குப் பக்கத்தில விடுறதெண்டால் பின்பக்கமாய்ப் போ. வெளிய எடுக்கேக்க முன் சக்கரம்தான் திரும்பும், மூக்கைத் திருப்ப இடம் வேணும். பின்பக்கத்தைத் தூணோட சேர்த்து வைச்சால் நட்டமில்லை. ரிவேர்ஸில உன்ர கெட்டித்தனம் அந்தக் கிளுவை வேலிக்குத் தெரியும், அதால பெடியனை இறக்கிப் பின்னால நிக்கவிடு. நேர் பின்னால இல்லை, உன்ர வலக் கண்ணாடியில முகம் தெரியிற இடத்தில.

ஒழுங்கைக்குள்ள றோட்டோரம் விடவேண்டி வந்தால், இடம் உன்ர கார் நீளத்தில ஒண்டரை மடங்கு வேணும். முன் காருக்குப் பக்கத்தில ஒரு முழம் விட்டுச் சமாந்தரமாய் நிப்பாட்டு, ரெண்டு காரின்ர பின் பம்பரும் ஒரே நேரில வரட்டும். சுக்கானை முழுக்க இடப்பக்கம் ஒடிச்சு மெல்லப் பின்னால போ. பின்னால நிக்கிற காரின்ர வலப்பக்க லைற் உன்ர வலக் கண்ணாடியில வந்ததும் சுக்கானை நேராக்கு. உன்ர முன் இடமூலை முன் காரின்ர பின் பம்பரைத் தாண்டினதும் முழுக்க வலம். பிழைக்கிறது எங்கயெண்டால், நேராக்கிற இடத்தில ஆக்கள் அவசரப்பட்டு உடனே வலம் ஒடிக்கிறது. மூக்கு முன் காரில முட்டும். அதைவிட மோசம் இடப்பக்கத்துக் கான். சில ஒழுங்கையில மூடி இல்லை, மழைத் தண்ணி நிண்டால் றோட்டும் கானும் ஒரே நிறம். சக்கரம் இறங்கினால் நாலு பேர் தூக்கவேணும்.

மரைன் டிரைவில கடலோரம் வெறுமையாய்த்தான் தெரியும். ஒரு இரவு விட்டால் காலமை கண்ணாடி முழுக்க உப்புப் பூத்திருக்கும். வைப்பரைக் காய்ஞ்சபடி போடாத, கண்ணாடி கீறும். ஒரு போத்தல் நல்ல தண்ணி ஊத்திப்போட்டுப் போடு.

என்ர புத்தியைக் கேட்டால், கார் ஒருக்கா உள்ள போனால் திரும்பி வாற நாள் வரைக்கும் அங்கயே கிடக்கட்டும். மிச்சத்துக்குப் போனில பிக்மீ அப்பால ஓட்டோ பிடி. மாமி செட்டியார் தெருவில நகைக்கடை வாசலில கார் நிக்கவேணும் எண்டுவா. செட்டியார் தெருவில வாசலில நிக்கிறது நகைக்கடைக்காரரின்ர நாற்காலி மட்டும்தான் எண்டு சொல்லு. காலிமுகத்திடலுக்குக் கட்டாயம் காரிலதான் எண்டால், நிலக்கீழ் தரிப்பிடம் உள்ள கடைத்தொகுதிக்குள்ள விட்டிட்டு நட. தட்டின்ர இலக்கத்தையும் தூணில இருக்கிற எழுத்தையும் போனில படம் எடு. திரும்பேக்க ஞாபகம் வை, கொள்ளுப்பிட்டியில இருந்து பம்பலப்பிட்டி மட்டும் காலி வீதி தெற்கால போறவைக்கு மட்டும், கோட்டைப் பக்கம் ஏற டூப்ளிகேஷன் வீதி. சந்தி ஒண்டை விட்டிட்டால் பின்னால எடுக்காத, அடுத்த சந்தியில சுத்தி வா. எதிரில வாறவன் லைற் அடிச்சால் "வா" எண்டில்லை, "நான் வாறன், நில்" எண்டு.

"டபிள் சிக்னல் போட்டிட்டு அஞ்சு நிமிசம்" எண்ட பழக்கத்தை வழியில வாற முறிகண்டிக் கோயிலடியோட விட்டிடு. கொழும்பில பொலிஸுக்கு அது ஒரு சாட்டில்லை. தண்டச் சீட்டு எழுதினால் லைசன்ஸை வைச்சுக்கொண்டு தற்காலிகத் துண்டு தருவினம். 14 நாளுக்குள்ள தபாற்கந்தோரில கட்டி, பற்றுச்சீட்டோட அதே பொலிஸ் நிலையத்துக்குப் போய்த்தான் மீட்கவேணும். நீ யாழ்ப்பாணம் வந்தாப் பிறகு அதுக்கெண்டு திரும்பவும் 400 கிலோமீற்றர். இப்ப பல இடத்தில போனால அரசாங்கத்தின்ர கோவ்பேயில கட்டலாம். சீட்டு எழுத முதல் அதைக் கேள்.

இது பகிடியில்லை, வடிவாய் வாசி. சின்னவளை நித்திரையில காருக்குள்ள விட்டிட்டு ஒருத்தரும் கடைக்குள்ள போகக்கூடாது. வெயிலில பூட்டின காருக்குள்ள பத்து நிமிசத்தில 10 பாகை கூடும், கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வைச்சாலும் பெரிசாய்க் குறையாது. உன்ரயது ஹைபிரிட், சத்தம் இல்லையெண்டால் கார் நிண்டிட்டுது எண்டில்லை. கியர் பி-யில, ஹாண்ட்பிரேக் மேல, காரை நிப்பாட்டி "ரெடி" லைற் நூர்ந்திட்டுதோ எண்டு பார், பிறகுதான் கதவைத் திற. ஏசியைப் போட்டிட்டு ஆக்களை உள்ள இருத்திற யோசினையும் வேண்டாம், பிள்ளை பிரேக்கை மிதிச்சுக் கியரைத் தட்டினால் போதும்.

இன்னொண்டு, பின்சீற்றடியில வலை போட்ட காத்துவாசல் ஒண்டு இருக்கு. பெரிய பற்றரிக்குக் குளிர்காத்து போறது அதாலதான். மாமியின்ர பையளை அதில சாத்தி வைச்சால் நெரிசலுக்குள்ள பற்றரி சூடேறி எச்சரிக்கை லைற் வரும்.

மச்சாளிட்டைக் கேட்டிட்டு அந்த நாலுக்கும் மறுமொழி போடு. புதன்கிழமைக்குள்ள வரேல்லையெண்டால் உங்களுக்கு இரவு பஸ்ஸில சீற் பாக்கிறன், மாமிக்கு யன்னல் பக்கம்.

உன்ர,
மூக்கன்