நீல மஃப்ளர்

அன்புள்ள மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம். அப்பாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. டாக்டரிடம் காட்டச் சொன்னால், மாதா கோயில் திருவிழா முடியட்டும் என்கிறார். போன வருடமும் இதையேதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தேன், வைத்த பிறகு கோபம் வந்தது. நான் சின்னவனுக்கு வாங்கிக் கொடுத்த பெலெனென்சஸ் கால்பந்து அணியின் நீல மஃப்ளரைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்களாம். வகுப்பில் பாதிப் பேர் லிஸ்பனின் பெரிய அணியான பென்ஃபிகாவின் சிவப்பு, மீதிப் பேர் இன்னொரு பெரிய அணியான ஸ்போர்ட்டிங்கின் பச்சையாம். "ஊரில் யாருக்கும் வேண்டாத அணியை எதற்கு அம்மா அவன் கழுத்தில் சுற்றிவிட்டுப் போனாய்?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் உனக்கு ஆபீஸ் வேலை வந்துவிட்டது. கடிதம் என்றால் நடுவில் யாரும் கூப்பிட முடியாது. உட்கார்ந்து வாசி.

நீயும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன அந்தச் சனிக்கிழமை, நானும் சின்னவனும் ரெஸ்டெலோ மேட்டில் ஏறி ஆட்டம் பார்க்கப் போனோம் அல்லவா? மூன்றாவது பிரிவு ஆட்டம். பெரிய மைதானம், பாதிக்கு மேல் காலி இருக்கைகள். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து தேஜோ ஆறு தெரிகிறது, அதன் மேல் அந்தச் சிவப்புப் பாலம் தெரிகிறது. பக்கத்தில் ஒரு பெரியவர், எண்பது வயதிருக்கும். காகிதப் பொட்டலத்தில் மஞ்சள் நிறத்தில் ஏதோ பயறு வைத்திருந்தார். எனக்கும் நீட்டினார். நான் தோலோடு மென்றுவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, ஒரு பயற்றை நுனியில் கடித்து, இரண்டு விரலால் அழுத்தி, பருப்பு மட்டும் வாய்க்குள் பாயும்படி செய்து காட்டினார். திரெமோசு என்று பெயராம். உப்புத் தண்ணீரில் ஊறிய அந்தப் பயற்றைத் தின்றுகொண்டேதான் கதை முழுவதும் கேட்டேன். சின்னவன்தான் மொழிபெயர்ப்பாளன். மீதியை வீட்டுக்கு வந்து அவனையே தேடி வாசிக்கச் சொன்னேன்.

பெலெனென்சஸ் என்றால் பெலேம்காரர்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். நீ குடியிருக்கும் பகுதியின் பெயரையே வைத்துக்கொண்ட சங்கத்தை யாருக்கும் வேண்டாதது என்கிறாய்.

இன்னொன்று தெரியுமா? உன் பையனைக் கேலி செய்கிறார்களே, அந்தச் சிவப்புச் சங்கமும் பெலேமில்தான் பிறந்தது. 1904 பிப்ரவரி 28, அங்கே ஒரு மருந்துக் கடையில். அப்போது அதன் பெயர் ஸ்போர்ட் லிஸ்போவா. நல்ல மைதானம் இல்லாமல் திண்டாடி, 1908-இல் பென்ஃபிகா பகுதியில் இருந்த சங்கத்தோடு சேர்ந்து அந்தப் பக்கம் போய்விட்டது. பெலேம் பையன்கள் பந்து விளையாடப் பழகுவதும், பழகியதும் வேறு பகுதிச் சங்கங்களுக்குப் போவதுமாக இருந்திருக்கிறது. பென்ஃபிகாவிலும் ஸ்போர்ட்டிங்கிலும் ஆடிப் பெயர் வாங்கிய ஆர்தூர் ஜோசே பெரேரா தன் ஊருக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்று நினைத்தார். பெரேரா என்றதும் நம் தெருவில் யாரோ போலத் தோன்றுகிறதல்லவா? 1919 செப்டம்பரில், அல்புகெர்க் சிலை இருக்கும் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நண்பர்கள் பேசி முடித்ததுதான் சங்கம். சட்டைக்கு நீலம். மார்பில் கிறிஸ்து சபை என்ற பழைய வீரர் சபையின் சிலுவை. வாஸ்கோ ட காமாவின் கப்பல் பாய்களில் இருந்தது அந்தச் சிலுவைதான். கப்பல் கிளம்பியதும் அந்தக் கரையிலிருந்துதான். நம் முத்துக்குளித்துறைக்கு வந்து பெரேரா, பெர்னாண்டோ என்று பெயர் கொடுத்துவிட்டுப் போனவர்கள் யார் என்று சின்னவனுக்கு மாப்பிள்ளை சொல்லட்டும். அது தனிக் கதை, இனிப்பு மட்டும் உள்ள கதையும் இல்லை.

சரி, பந்துக்கு வருகிறேன். லீக் தொடங்குவதற்கு முன்பிருந்த போர்த்துகல் சாம்பியன் பட்டத்தை 1927, 1929, 1933 என்று மூன்று முறை வென்றார்கள். அந்தக் காலத்து நாயகன் பெப்பே. 1931-இல் இருபத்து மூன்று வயதில் இறந்துபோனான். வீட்டுச் சாப்பாட்டில் காஸ்டிக் சோடா கலந்துவிட்டது, தாயே அறியாமல் போட்டுவிட்டாள் என்று ஊர் சொல்கிறது. இதைச் சின்னவன் மொழிபெயர்த்தபோது பயற்றை அப்படியே கையில் வைத்திருந்தேன். ஆட்டத்தில் தோற்றதை எல்லாம் எழுதி வைக்கிறார்கள், அந்தத் தாய் அதற்குப் பிறகு எப்படி அடுப்பை மூட்டினாள் என்று யாரும் எழுதவில்லை. மைதானத்தில் அவனுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. போர்ட்டோ அணி அங்கே ஆட வரும்போதெல்லாம் மலர்வளையம் வைப்பது வழக்கமாம். எதிரணிக்காரர்கள்! அந்த ஒரு செய்திக்காகவே மஃப்ளர் வாங்கலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

1938 ஜனவரியில் இவர்களுடைய பழைய சலேசியாஸ் மைதானத்தில் ஸ்பெயினோடு ஓர் ஆட்டம். சர்வாதிகாரி சலாசாரின் ஆட்சிக் காலம். எல்லோரும் கையை நீட்டி பாசிச வணக்கம் வைக்க வேண்டும். பெலெனென்சஸ் ஆட்டக்காரர்கள் மூன்று பேர் வைக்கவில்லை. அமாரோவும் சிமோயன்சும் முஷ்டியை மடக்கிக் காட்டினார்கள். குவாரெஸ்மா கையைத் தூக்கவே இல்லை. ரகசியப் போலீஸ் பிடித்துப் போய் விசாரித்தது. பள்ளிக்கூட அசெம்பிளியில் முப்பது வருடம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னவள் நான். தூக்க மாட்டேன் என்று நிற்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அதே அமாரோவும் குவாரெஸ்மாவும் இருந்த அணிதான் 1946-இல் லீக்கை வென்றது. கடைசி ஆட்டம் எல்லையோர ஊரான எல்வாஸில். முதலில் ஒரு கோல் வாங்கி, பிறகு 2-1. பென்ஃபிகாவைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். இன்றுவரை பென்ஃபிகா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங் மூன்றையும் தவிர லீக்கை வென்ற அணிகள் இரண்டே இரண்டுதான். ஒன்று இது, மற்றது 2001-இல் போவாவிஸ்தா. இதைச் சின்னவன் வகுப்பில் சொல்லட்டும், எத்தனை பேருக்குத் தெரிகிறது பார்ப்போம்.

1955-இல் இன்னொரு முறை கைக்கெட்டியது. கடைசி நாள், சொந்த மைதானம், மொசாம்பிக்கிலிருந்து வந்த மத்தாத்தேவு கோல் மழை பொழிந்த பருவம். ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது ஸ்போர்ட்டிங் சமன் செய்தது. பட்டம் பென்ஃபிகாவுக்குப் போனது. பெரியவர் அந்த நான்கு விரல்களையும் என் முகத்துக்கு நேரே காட்டினார். எழுபது வருடம் ஆகிவிட்டது, அவர் கைக்கு மட்டும் அது தெரியவில்லை.

அடுத்த வருடமே பழைய மைதானத்தைக் காலி செய்துவிட்டு, கல்குவாரியாக இருந்த மேட்டில் ரெஸ்டெலோவைக் கட்டினார்கள். கடனும் கூடவே வந்தது. 1960-இலும் 1989-இலும் கோப்பை வென்றார்கள், நடுவே 1982-இல் முதல் முறையாகக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினார்கள். ரக்பி 1928-இலிருந்து இருக்கிறது. ஹேண்ட்பால், கூடைப்பந்து, நீச்சல் என்று எல்லாமும் உண்டு. கால்பந்து சறுக்கிய வருடங்களிலும் சங்கத்தின் கதவு திறந்திருந்ததற்கு அவையும் காரணம் என்பது என் கணக்கு. விளையாட்டு ஆசிரியை அப்படித்தான் சொல்வேன்.

இப்போது நீ கேட்கப்போவதற்கு வருகிறேன்: ஏன் மூன்றாவது பிரிவில் கிடக்கிறார்கள்? கால்பந்துக்கென்று தனி நிறுவனம் தொடங்கியிருந்தார்கள். 2012-இல் கடன் நெருக்க, அதில் பெரும்பங்கை முதலீட்டாளருக்கு விற்றார்கள். சங்கத்துக்கும் நிறுவனத்துக்கும் ஒத்துவரவில்லை. 2018-இல் முதல் பிரிவு அணி நிறுவனத்தோடு வேறு மைதானத்துக்குப் போய்விட்டது. சங்கத்திடம் மைதானமும் சிலுவையும் உறுப்பினர்களும் மட்டும் மிச்சம். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? லிஸ்பன் மாவட்ட லீக்கின் ஆகக் கடைசிப் பிரிவில் புதிய அணியைச் சேர்த்துவிட்டு, பழையபடி வந்து உட்கார்ந்து கத்தினார்கள். ஐந்து பருவத்தில் ஐந்து முறை மேலே ஏறி 2023-இல் இரண்டாம் பிரிவைத் தொட்டார்கள். ஒரே வருடத்தில் திரும்பவும் இறங்கினார்கள். அந்த நிறுவன அணிக்குப் பெயரும் சின்னமும் நீதிமன்றத்தில் கைவிட்டுப் போயின. பி-சாட் (B-SAD) என்று பெயர் வைத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் வாசித்தால் 'சோகமாக இரு' என்று வருகிறது பாட்டி என்று சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். அது 2022-இல் முதல் பிரிவிலிருந்து இறங்கியது, மறுவருடம் இன்னொரு சங்கத்தோடு கலந்துவிட்டது.

பெரியவர் தன் உறுப்பினர் அட்டையைக் காட்டினார். மூத்தவர்கள் இறக்க இறக்க எண்களைப் புதுப்பிப்பார்களாம், ஒவ்வொரு முறையும் இவருடைய எண் சிறியதாகிறதாம். அதில் பெருமையா வருத்தமா என்று கேட்கச் சொன்னேன். சின்னவன் கேட்கவில்லை. அதற்குள் கோல் விழுந்துவிட்டது.

பையனுக்குச் சிவப்பு வேண்டுமென்றால் சிவப்பே வாங்கிக் கொடு, நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் நீலத்தைக் குப்பையில் போடாதே, அலமாரியில் வை. துவைத்தால் பச்சைத் தண்ணீரில் தனியாக நனை, சாயம் இறங்குகிறது. ஊருக்கு வருகிறவர்கள் யாராவது இருந்தால் ஒரு பாட்டில் திரெமோசு கொடுத்தனுப்பு. எப்படி உரித்துத் தின்பது என்று அப்பாவுக்கு நான் காட்டுகிறேன்.

அன்புடன்,
அம்மா